1 டிபி ஐபாடா, ஆண்ட்ராய்டு வாக்மேனா? சீக்கிரம் சொல்லுங்கள்

கத்திரிவெயில் · திங்கள், இரவு 11.48

ஒரு வாரமாக மண்டை காய்கிறது. தெரிந்தவர் மூலமாக ஒரு ஐபாட் கிளாசிக் வந்திருக்கிறது, உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு 1 டிபி ஃப்ளாஷ் மெமரி போட்டிருக்கிறாராம், 22 ஆயிரம் கேட்கிறார். இல்லாவிட்டால் சோனியின் ஆண்ட்ராய்டு வாக்மேன் ஏ306 புதுசாக வாங்கி, மெமரி கார்டு தனியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். பாட்டு நிறைய இருக்கிறது. காலேஜ் நாளில் அந்தச் சக்கரத்தைச் சுற்றிப் பழகிய கை, அதனால் மனசு ஐபாட் பக்கம்தான் சாய்கிறது. எது வாங்கலாம்? வியாழனுக்குள் முடிவு செய்தாக வேண்டும்.

மோர்மிளகாய் · இரவு 11.55

நிறைய என்றால் எவ்வளவு? எம்பி3யா, தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக்கா? விண்டோஸா, மேக்கா? ஐபாட் எந்த வருஷத்து மாடல்? இதெல்லாம் சொல்லாமல் எது நல்லது என்று கேட்டால் எதைச் சொல்வது?

தெருவிளக்கு · இரவு 12.07

ப்ரோ, போன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? மாதம் நூற்றுச் சொச்சம் கட்டினால் எல்லாப் பாட்டும் வந்துவிடும். 22 ஆயிரத்துக்கு நல்ல ஹெட்போன் வாங்குங்கள்.

ஒலித்தச்சன் · செவ்வாய், காலை 6.10

இந்தக் கேள்விக்கு நான் எத்தனை தடவை பதில் எழுதியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. தேடிப் படிக்கும் பழக்கம் போய்விட்டது. சரி, கடைசி முறையாகச் சொல்கிறேன். உண்மையில் ஒலி பற்றி அக்கறை இருந்தால் 2005, 2006இல் வந்த ஐந்தாம் தலைமுறை ஐபாடைத் தேடுங்கள், அதில் டிஜிட்டலை ஒலியாக்குவது வுல்ஃப்ஸன் சிப். கிளாசிக்கில் சிர்ரஸ் லாஜிக் சிப்புக்கு மாறிவிட்டார்கள். அந்த வித்தியாசம் காது பழகியவர்களுக்குத்தான் புரியும், எல்லாருக்கும் சொல்லிப் புரிய வைக்க முடியாது.

ஸோல்டர்மணம் · காலை 7.32

கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டால் அந்த வித்தியாசத்தை எத்தனை பேர் கண்டுபிடிப்பார்கள் தச்சரே? அதை விடுங்கள், கேட்டவருக்கு வேண்டியது சிப் கதை இல்லை.

கத்திரிவெயில், ஐபாடைக் கையில் வாங்கியதும் செட்டிங்ஸில் ‘அபவுட்’ பக்கம் போய் மாடல் எண்ணைப் பாருங்கள். பின்பக்கத் தகட்டில் உள்ள ஏ1238 எல்லா கிளாசிக்குக்கும் பொது, அது ஒன்றும் சொல்லாது. தகட்டையே மாற்றிக்கூட இருப்பார்கள். உங்களுக்கு வேண்டியது 2009இல் வந்த மெலிந்த 160 ஜிபி, அதாவது கறுப்பு என்றால் எம்சி297, வெள்ளி என்றால் எம்சி293. அதற்கு முந்தைய 80, 120 ஜிபி மாடல் என்றால் ஆப்பிளின் சொந்த மென்பொருளுக்கு 128 ஜிபிக்கு மேல் எட்டாது, உள்ளே 1 டிபி இருந்தும் பயனில்லை. விற்பவரிடம் இன்னொன்றும் கேளுங்கள், உள்ளே ஒரே எஸ்எஸ்டியா, அல்லது நான்கு மைக்ரோ எஸ்டியை ஒரு பலகையில் செருகியதா? நான்கில் ஒன்று படுத்தாலும் மொத்தமும் போச்சு. பேட்டரி மாற்றினாரா என்பதையும் கேளுங்கள். ஆப்பிள் கிளாசிக்கை நிறுத்தியது 2014 செப்டம்பரில், மாற்றாத பேட்டரி என்றால் அதன் வயசை நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

இடிதாங்கி · காலை 8.15

ஐபாட் வேண்டவே வேண்டாம். ஹார்ட் டிஸ்க் அதிர்வுக்குத் தாங்காது. என் மாமா பைக்கில் போகும்போது கேட்டுக் கேட்டே ஒன்று போய்விட்டது.

ஸோல்டர்மணம் · காலை 8.21

அண்ணா, ஹார்ட் டிஸ்க்கே இல்லாத ஐபாட் பற்றித்தான் அவர் கேட்கிறார். முதல் பத்தியைப் படியுங்கள்.

அப்புறம், டிஸ்க் இருந்த காலத்திலும் அது ஓயாமல் சுற்றாது. பாட்டை மெமரிக்குள் இழுத்துக்கொண்டு டிஸ்க்கை நிறுத்திவிடும். எம்பி3 என்றால் ஒரே இழுப்பில் பத்துப் பாட்டு உள்ளே போகும். 30 எம்பி கோப்பு என்றால் ஒன்றிரண்டுதான், அதனால் அடிக்கடி எழும்பும், பேட்டரி சீக்கிரம் இறங்கும். உங்கள் மாமா பெரிய கோப்பாகப் போட்டிருப்பார்.

இடிதாங்கி · காலை 8.40

எம்பி3தான் போட்டிருந்தார்.

கத்திரிவெயில் · மதியம் 1.20

மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். நான் கப்பலில் தேர்ட் இன்ஜினியர். ஞாயிறு ராத்திரி ஃப்ளைட், சிங்கப்பூரில் ஏறுகிறேன், ஆறு மாசம். கப்பலில் நெட் உண்டு, ஆனால் மாசத்துக்கு இத்தனை ஜிபி என்று அளந்து கொடுப்பார்கள், அதை வீட்டோடு வீடியோ கால் பேச வைத்துக்கொள்வேனா, பாட்டுக்குச் செலவழிப்பேனா? போனில் கார்டு போட இடமில்லை. வாட்ச் டியூட்டி முடிந்து வந்து கேபினில் படுத்துக் கேட்பதுதான் எனக்கு இருக்கிற ஒரே பொழுதுபோக்கு.

மொத்தம் 780 ஜிபி. சிடியிலிருந்து எடுத்த ஃப்ளாக் சுமார் 19 ஆயிரம் பாட்டு. மிச்சம் தாத்தாவின் கேசட் 180, வில்லுப்பாட்டும் கோயில் கொடையில் பதிவு செய்த நாதஸ்வரமும். போன லீவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் மாற்றினேன். லேப்டாப் விண்டோஸ். ஹெட்போன் சாதாரண வயர் வைத்தது.

மோர்மிளகாய் · மதியம் 1.34

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி இழை மிச்சமாகியிருக்கும் 🙂

முதல் சிக்கல், ஐபாட் ஃப்ளாக்கைப் பாடாது. ஆப்பிளின் அலாக்குக்கு மாற்றினால் ஒலியில் எதுவும் போகாது, ஃபூபார் மென்பொருளிலேயே செய்யலாம், ஆனால் 19 ஆயிரம் கோப்பு. அதன்பின் ஐட்யூன்ஸ் வழியாக ஏற்ற வேண்டும். இரண்டாவது, 96 கிலோஹெர்ட்ஸ் கோப்பை ஆப்பிள் மென்பொருள் தொடவே தொடாது, தாத்தா கேசட் அத்தனையும் குறைத்தாக வேண்டும். ஆப்பிள் மென்பொருளுக்குப் பதில் ராக்பாக்ஸ் என்ற இலவச மென்பொருள் போட்டால் இரண்டும் தீரும், அது ஃப்ளாக்கை அப்படியே பாடும், இழுத்துப் போட்டால் போதும். ஆனால் முதல் தடவை அதை நிறுவிப் பழக, கப்பல் ஏறுவதற்கு முந்தின வாரம் நல்ல நேரமா என்று யோசியுங்கள்.

ஒலித்தச்சன் · மதியம் 2.05

கேசட்டை 24/96இல் எடுத்தவர் ஐபாட் வாங்கலாமா என்று கேட்கிறார். இதற்கு என்ன சொல்வது. கேசட்டுக்கு 24/96 என்பது சுண்டக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். வீட்டு ரெக்கார்டரில் பதிந்த கேசட்டில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக ஒன்றும் இருக்காது, சிடியின் 44.1 வைத்தாலே 22 வரை கிடைக்கும். கேசட்டில் பாட்டுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி ஐம்பது அறுபது டெசிபல், 16 பிட் தருவது 96. மீதி எட்டு பிட்டில் நீங்கள் பத்திரமாகச் சேமித்து வைத்திருப்பது டேப்பின் உஸ்ஸ் சத்தம்.

பனங்கீற்று · மதியம் 2.48

தச்சர் அண்ணை சொல்லுற கணக்குச் சரிதான், ஆனா மூலப் பிரதியை எடுக்கேக்க கூடுதலா எடுத்து வைக்கிறதில பிழை இல்லை. பிறகு இரைச்சல் குறைக்க, வேகம் திருத்த அது உதவும். மூலத்தை வீட்டில ரெண்டு ஹார்ட் டிஸ்க்கில வைச்சிட்டு, கேக்கிறதுக்கு 16/44.1 பிரதி ஒண்டு செய்து கொண்டு போங்கோ. கேசட் ஒண்டுக்கு ஒரு மணித்தியாலம் வைச்சு 180 மணித்தியாலம் எண்டால், இப்ப இருநூற்றைம்பது ஜிபி வரைக்கும் பிடிக்கிறது அறுபது, எழுபதில அடங்கும். இரைச்சலை ஃப்ளாக்கால சுருக்க ஏலாது, அதாலதான் உங்கட கோப்புகள் இவ்வளவு ஊதிப்போய் இருக்குது.

இன்னொண்டு கேக்கிறன், பாட்டுப் பேருகளைத் தமிழிலயே போட்டு வைச்சிருக்கிறீங்களோ? யூனிகோடோ, பழைய பாமினி எழுத்துருவோ?

கத்திரிவெயில் · மதியம் 3.02

கேசட் எல்லாம் தமிழ்தான், யூனிகோட். சிடி ஆங்கிலம்.

பனங்கீற்று · மதியம் 3.11

அப்ப ஆண்ட்ராய்டுக்குப் போங்கோ. சின்னச் சின்ன பிளேயர்களில தமிழ் ஒண்டில் கட்டம் கட்டமாத் தெரியும், இல்லாட்டி ‘கொடை’ எண்டதில கொம்பு முன்னுக்கு வராமல் ‘க’வுக்குப் பின்னால போய்த் தொங்கிக்கொண்டு நிக்கும். 180 கேசட்டுக்கும் அப்பிடி வாசிக்க வேண்டி வந்தால் விசர்தான் பிடிக்கும்.

கும்பகோணம்டிகிரி · மாலை 5.40

நடுவில் ஒரு திருத்தம். நாதஸ்வரம் இல்லை, நாகஸ்வரம்.

தெருவிளக்கு · மாலை 5.44

கல்யாணப் பத்திரிகையில் எல்லாம் நாதஸ்வரம் என்றுதானே அடிக்கிறார்கள்?

கும்பகோணம்டிகிரி · மாலை 5.58

பத்திரிகையில் அடித்தால் சரியாகிவிடுமா? முத்துசுவாமி தீட்சிதரின் திருவாரூர்க் கீர்த்தனை ஒன்றிலேயே நாகஸ்வரம் என்றுதான் வருகிறது. நாதம் இருப்பதால் நாதஸ்வரம் என்று பிற்பாடு யாரோ கிளப்பியது. அப்படிப் பார்த்தால் வீணையில் நாதம் இல்லையா?

இடிதாங்கி · மாலை 6.20

எங்கள் ஊரில் இரண்டும் சொல்வதில்லை. மேளம் என்போம். மேளக்காரர் வந்தாச்சா என்றுதான் கேட்போம்.

கும்பகோணம்டிகிரி · மாலை 6.31

மேளம் என்பது தவிலையும் சேர்த்த குழுவுக்குப் பெயர், வாத்தியத்துக்கு இல்லை. நாகஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலம் பிறந்த சீமைக்காரரிடம் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதுதான் வருத்தம்.

இடிதாங்கி · மாலை 6.33

நான் எந்த ஊர் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஒலித்தச்சன் · இரவு 7.15

இதற்குத்தான் நான் இந்தப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டேன். 24/96 போன்ற ஹைரெஸ் ஒலி பற்றி ஒரு பயனுள்ள பேச்சு தொடங்கியது, அதைக் குட்டிச்சுவராக்கியாயிற்று.

ஸோல்டர்மணம் · இரவு 8.50

மேளத்தை நிறுத்துங்கப்பா, மனுஷன் ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறார்.

தம்பி, நான் ஐபாட் கழற்றி மாட்டுகிறவன், எனக்கு ஐபாட் என்றால் உயிர், இருந்தாலும் உங்களுக்கு ஏ306 என்றே சொல்வேன். நடுக்கடலில் ஐபாட் மக்கர் பண்ணினால் மறுபடி ஏற்ற ஐட்யூன்ஸும் நூலகமும் வேண்டும், 780 ஜிபியை அதற்குள் தள்ளவே பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும், யூஎஸ்பி 2தானே. ஏ306இல் கார்டைக் கழற்றி இன்னொரு கார்டு போட்டால் தீர்ந்தது. பேட்டரிக் கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான், வேடிக்கை என்னவென்றால் சோனி சொல்வதும் 36 மணி, 2009இல் 160 ஜிபி கிளாசிக்குக்கு ஆப்பிள் சொன்னதும் 36 மணி. சோனியின் கணக்கு அதன் சொந்தச் செயலியில் ஃப்ளாக் கேட்டால். வைஃபையை அணைத்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் நிஜப் பொத்தான் இருக்கிறது, இருட்டில் படுத்தபடியே அடுத்த பாட்டுக்குப் போகலாம். சக்கரம் கிடைக்காது, அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

ஆனால் உங்கள் பணம் போவதாக இருந்தால் கார்டில்தான் போகும். 1 டிபி என்று எழுதி 64 ஜிபி வைத்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். கணினியில் 1 டிபி என்றே காட்டும், காப்பியும் தடையில்லாமல் போகும், 64ஐத் தாண்டியதும் பழையதன் மேலேயே எழுதிக்கொண்டு போகும். கடலுக்குப் போய்த்தான் பாதிப் பாட்டு பாடவில்லை என்று தெரியும். ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஒரு இலவச மென்பொருள், கார்டை முழுக்க நிரப்பி மறுபடி படித்துப் பார்க்கும். யூஎஸ்பி 3 ரீடரில் எட்டு மணி நேரம் பிடிக்கும், பழைய ரீடர் என்றால் ஒரு பகலும் ராத்திரியும் போய்விடும். கார்டின் ஃபார்மேட்டை எக்ஸ்ஃபேட்டாகவே வையுங்கள், ஃபேட்32 ஆக்க வேண்டியது ராக்பாக்ஸுக்குத்தான்.

மோர்மிளகாய் · இரவு 9.05

ஆமோதிக்கிறேன். காசு இடித்தால் கேசட் பிரதிகளைக் குறைத்துக்கொண்டு 512 ஜிபி கார்டைப் போட்டுவிட்டு, சிடியில் கேட்காததைக் கழித்துவிடுங்கள். 19 ஆயிரம் பாட்டையும் ஆறு மாசத்தில் கேட்கவா போகிறீர்கள்?

கத்திரிவெயில் · இரவு 9.30

எதைக் கேட்கத் தோன்றும் என்று ஏறும்போது தெரியாதே அண்ணா, அதனால்தான் எல்லாம் எடுத்துப் போகிறேன். நாளை கடைக்குப் போகிறேன். நன்றி.

தெருவிளக்கு · வெள்ளி, காலை 10.12

என்ன ஆச்சு ப்ரோ?

கும்பகோணம்டிகிரி · வெள்ளி, காலை 11.00

நாகஸ்வரம் பற்றி நான் சொன்னதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

கத்திரிவெயில் · ஞாயிறு, மாலை 6.47

ஏர்போர்ட்டிலிருந்து. ஏ306 வாங்கினேன். முதல் கார்டு போலி, டெஸ்ட்டில் 58 ஜிபியில் மாட்டிக்கொண்டது, கடைக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மாற்றிக் கொடுத்தார். இரண்டாவது தேறியது. காப்பி முடிந்தது இன்று விடியற்காலை நாலரைக்கு. கேசட் குறைக்க நேரமில்லை, 24/96 அப்படியே போகிறது. கொம்பு சரியான இடத்தில் இருக்கிறது. நாத, நாக இரண்டும் கார்டில் இருக்கிறது. போர்டிங் கூப்பிடுகிறார்கள்.

கருவாட்டுக்குழம்பு · செவ்வாய், இரவு 10.31

அந்த ஐபாட் இன்னும் விற்காமல் இருந்தால் சொல்லுங்கள் அண்ணா. என்னிடமும் பாட்டு நிறைய இருக்கிறது, வாங்கலாமா?