கடலில ஓடக்குள்ள மட்டும் எஞ்சின் கொதிக்குது, துறையில ஒண்டும் தெரியுதில்ல

வாழைச்சேனை 34 அடி:
வணக்கம். வாழைச்சேனைத் துறைமுகத்தில நிக்கிற 34 அடி போட் எங்கட. நாலு சிலிண்டர் டீசல் இன்போட் எஞ்சின். எஞ்சின ஆத்திற கூலன்ட் உள்ளுக்குச் சுத்தும். கடல்தண்ணி பம்பால ஏறி, கூலன்டின்ட சூட்ட வாங்கிற ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள்ளால போய், புகையோட வெளிய விழும். ரெண்டு மாசமா நிம்மதியில்ல.

துறையில கட்டிவச்சு ரெண்டு மணித்தியாலம் ஓடவிட்டாலும் சூட்டு மீட்டர் 80 பாகையத் தாண்டாது. கடலில 2200 ஆர்பிஎம்மில முக்கால் மணித்தியாலம் போனா ஊசி திடீரெண்டு 98க்கு ஏறி அலாரம் அடிக்குது. 1000க்குக் குறைச்சா அஞ்சு நிமிசத்தில பழையபடி 82. சில நாள் போக வர ஒண்டுமே நடக்காது. அதுதான் பெரிய பயம். எப்ப ஏறும் எண்டு தெரியாம வலையக் கடலில விட்டுட்டு இருக்க ஏலுமா? மகனும் என்னோடதான் வாறான்.

கூலன்ட் ஓட்டத்தத் திறந்து மூடுற தெர்மோஸ்டாட், கூலன்ட், கடல்தண்ணி பம்புக்குள்ள சுத்துற றப்பர் இறக்கைச் சக்கரம் (இம்பெல்லர்) மூண்டும் மாத்தியாச்சு. ஒரு மெக்கானிக் வந்து பார்த்திட்டு எஞ்சின்ட மேல்மூடிக்குக் (ஹெட்) கீழ இருக்கிற ஹெட் கேஸ்கட் போயிட்டு, ஹெட்டக் கழட்டணும் எண்டார். அந்தக் காசுக்கு மனிசிட நகைய அடகு வைக்கணும். அதுக்கு முதல் வேற எதையும் பார்க்க ஏலுமா?

கல்முனை டீசல்:
அண்ணன், ஹெட்ட இப்ப தொட வேணாம். கேஸ்கட் போயிருந்தா கூலன்ட் குறைஞ்சுகொண்டே போகும், கூலன்ட் டேங்குக்குள்ள விடாம குமிழி வரும். காலையில எஞ்சின் ஆறிக் கிடக்கக்குள்ள மூடியக் கழட்டிட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. சூட்டோட மட்டும் திறந்திராதீங்க, முகம் வெந்துபோகும்.

துறையில ஓடவிட்டது சோதனையே இல்ல. லோட் இல்லாம ஓடுற எஞ்சின் கொஞ்ச டீசல்தான் எரிக்கும், சூடும் கொஞ்சம்தான். நான் கேக்கிறது ரெண்டு. ஊசி ஏறக்குள்ள புகைக்குழாயால தண்ணி எவ்வளவு விழுது? கழட்டின பழைய இம்பெல்லரில இறக்கை எல்லாம் இருந்திச்சா? எங்கட ஒலுவில் பக்கம் மணல் கலந்த தண்ணிய இழுத்து இழுத்து இம்பெல்லர் கெதியாத் தேயும். ஒடைஞ்ச இறக்கை வெளிய போகாது, எக்ஸ்சேஞ்சர் வாயில போய் அடைச்சிட்டு இரிக்கும்.

வாழைச்சேனை 34 அடி:
நீங்க சொன்ன மாதிரி இண்டைக்குப் பார்த்தன். குமிழி இல்ல. கடலில 95 தாண்டக்குள்ள மகனைப் பின்பக்கம் அனுப்பினன். தண்ணி பாதியாக் குறைஞ்சிட்டு, ஆவி வருது எண்டு கத்தினான். புகைக்குழாய்ச் சத்தமும் காஞ்ச சத்தமா மாறிட்டு. வேகத்தக் குறைச்சதும் தண்ணி திரும்ப வந்திச்சு. பழைய இம்பெல்லரில ரெண்டு இறக்கை இல்ல. அத அப்பவே எறிஞ்சிட்டம்.

கல்குடா கடல்:
அண்ணன், அப்ப குறை கடல்தண்ணி வாற பாதையிலதான். எனக்கும் இதே கதை நடந்தது, அதனால சொல்றன். போட்டுக்கு அடியில கடல்தண்ணி ஏறுற அடி வால்வில இருந்து பம்புக்கு வாற ஹோசக் கழட்டி உள்ளுக்கு லைட் அடிச்சுப் பாருங்க. வெளியால பார்த்தா புது ஹோஸ் மாதிரி இருக்கும். உள் றப்பர் உரிஞ்சு நாக்கு மாதிரித் தொங்கிக்கொண்டிருக்கும். பம்ப் பலமா இழுக்கக்குள்ள அந்த நாக்கு வழிய மூடும், வேகம் குறைஞ்சா விட்டிரும். துறையில ஒரு நாளும் பிடிபடாது. மாத்தினா உள்ளுக்குக் கம்பிச் சுருள் வச்ச ஹோசாப் போடுங்க, சும்மா ஹோஸ் இழுப்புக்குச் சப்பிப் போகும்.

கழட்ட முதல் அடி வால்வப் பூட்டுங்க. பழைய வால்வ நம்பாதீங்க, தண்ணி வந்தா ஓட்டைய அடைக்கக் கைக்கு எட்டிற மாதிரி மர ஆப்பு ஒண்டு வச்சிருங்க. கடல்தண்ணியில வாற குப்பையப் பிடிக்கிற ஸ்ட்ரெய்னர் மூடிட றப்பர் வளையத்தையும் பாருங்க, அதால காத்து இழுத்தாலும் தண்ணி குறையும். வெள்ளம் வந்து ஆத்துவாழையும் பொலித்தீனும் கடலுக்கு இறங்கிற நாளையில உறிஞ்சிற வாயில பை ஒட்டும். போட் நிண்டதும் தானாக் கழண்டு விழுந்திரும், அதுவும் கண்ணுக்குப் பிடிபடாது.

வாழைச்சேனை 34 அடி:
நாலு நாள் கழிச்சு எழுதுறன். பிழை ஹோசிலதான் இருந்திருக்கு. வளைவில உள் றப்பர் ஒரு சாண் நீளத்துக்கு உரிஞ்சு கிடந்திச்சு. கல்முனைத் தம்பி சொன்னதும் சரி, எக்ஸ்சேஞ்சர் மூடியக் கழட்டினா ரெண்டு இறக்கையும் குழாய் வாயில ஒட்டிக்கொண்டு இருந்திச்சு. எது எவ்வளவு தண்ணிய மறிச்சது எண்டு எனக்குப் பிரிச்சுச் சொல்ல ஏலாது, ரெண்டையும் ஒண்டாத்தான் சரி பண்ணினன். உப்புத்தண்ணி மற்ற உலோகத்த அரிக்காம இருக்க உள்ளுக்கு வச்சிருந்த துத்தநாகக் கட்டையும் தேஞ்சு விரல் நுனியளவுதான் மிச்சம், அதையும் மாத்தினன்.

நேத்து 2200இல மூண்டு மணித்தியாலம் ஓடினம். ஊசி 81. மகன் பின்பக்கம் குந்தியிருந்து விழுகிற தண்ணியவே பார்த்துக்கொண்டு வந்தான். நகை வீட்டிலதான் இருக்கு. ரெண்டு பேருக்கும் பெரிய உபகாரம்.