எண் ஒரு வரியில், கி.கி. அடுத்த வரியில்: இன்டிசைனில் எப்படித் தடுப்பது?

பக்கம்கட்டி:
ஒன்பதாம் வகுப்புக்கான இயற்பியல் துணைநூல் ஒன்றை இன்டிசைன் என்ற பக்கவடிவமைப்பு மென்பொருளில் கட்டிக்கொண்டிருக்கிறேன். "12" வரிக் கடைசியில் நிற்கிறது, "கி.கி." கீழே இறங்கிவிடுகிறது. ஒட்டியே "12கி.கி." என்று போட்டுவிடலாம் என்கிறார் நூலாசிரியர், எனக்கு மனசு ஒப்பவில்லை. 30° கோணத்துக்கும் 25 °செ வெப்பநிலைக்கும் ஒரே விதிதானா? அப்புறம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றிய பாடங்களில் அங்கங்கே "250 அட", "3 மப" என்று இருக்கிறது. என்ன கொடுமை இது?

ஈயஎழுத்து:
ஒட்டவே ஒட்டாதீர்கள். எஸ்.ஐ. என்ற பன்னாட்டு அலகு முறையின் விதிப்படி எண்ணுக்கும் அலகுக்கும் நடுவே இடைவெளி கட்டாயம். கோணத்தின் பாகை, கலை, விகலைக் குறிகளுக்கு மட்டும்தான் விலக்கு, அதனால் 30° ஒட்டி வரும், 25 °செ தள்ளி வரும். சதவீதக் குறிக்கும் இடைவெளி விடச் சொல்கிறது, ஆனால் நம் பத்திரிகைகளில் யாரும் விடுவதில்லை, 40% என்றே போடுங்கள், நூல் முழுக்க ஒரே மாதிரி இருந்தால் போதும்.

வரி உடைவதற்கு, பத்தி ஸ்டைலில் க்ரெப் ஸ்டைல் (கோலம் பார்த்துத் தானாகவே வடிவம் கொடுக்கும் வசதி) ஒன்று சேர்த்து, [0-9] (கி|மி|செ|மீ)\. என்ற கோலத்துக்கு "நோ பிரேக்" (வரி உடைக்காதே) போட்ட எழுத்து ஸ்டைலைக் கொடுங்கள். பிறகு திருத்தம் செய்து வரி ஓடினாலும் அதுவே பார்த்துக்கொள்ளும். இரு பக்கமும் சமன் செய்த பத்தியில் அந்த இடைவெளி அகலமாக இழுபடுவது உறுத்தினால், உடையாத இடைவெளியில் நிலையான அகலம் கொண்ட வகை ஒன்று இருக்கிறது, அதைப் போட்டு மாற்றுங்கள்.

ஒற்றுப்பிழை:
"250 அட" வேறொன்றுமில்லை, மில்லிலிட்டரின் ஆங்கிலக் குறியீடுதான் (ml). பாமினியில் எம் விசைக்கு "அ", எல் விசைக்கு "ட". மூலக் கோப்பில் அலகு மட்டும் ஆங்கில எழுத்துருவில் இருந்திருக்கும், மாற்றும் மென்பொருள் அதைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் தமிழாக்கிவிட்டது. அதே கணக்கில் "மப" கிலோகிராம், "உஅ" சென்டிமீட்டர், "அஅ" மில்லிமீட்டர். "உஅ", "அஅ" இரண்டையும் ஓரளவு தைரியமாக மொத்தமாக மாற்றலாம். "அட", "மப" இரண்டையும் அப்படிச் செய்துவிடாதீர்கள், இயற்பியல் நூலில் "அடர்த்தி", "சமபக்க" எல்லாம் நாசமாகும். "அட"வை எண்ணோடு சேர்த்துத் தேடினாலும் "6 அடி" மாட்டும், ஏனென்றால் கணினிக்கு "டி" என்பது "ட"வும் ஒரு குறியும்தான். [0-9] அட[ ,.] என்று தேடி ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள், "மப"வுக்கும் அதே மாதிரி.

பக்கம்கட்டி:
அடடா, அதுதானா! "6 அடி" பாடத்தில் நிஜமாகவே இருக்கிறது. இன்னும் ஒன்று, "5 கி.மீ.க்கு", "5 கி.மீ-க்கு" இரண்டில் எது? 1,50,000 என்று காற்புள்ளி போடலாமா?

ஈயஎழுத்து:
உருபு வந்தால் நான் சுருக்கத்தையே விட்டுவிடுவேன்: "5 கிலோமீட்டருக்கு". இடம் இல்லாத அட்டவணையில் உருபும் வராது. சிறுகோடு போட்டே தீர வேண்டுமென்றால் உடையாத சிறுகோடு போடுங்கள், இல்லாவிட்டால் "க்கு" மட்டும் அடுத்த வரியில் அநாதையாக நிற்கும்.

காற்புள்ளியை எஸ்.ஐ. ஒப்புவதில்லை, 1948இல் கூடிய எடை அளவை மாநாடே மூன்று மூன்று இலக்கமாக வெறும் இடைவெளி விட்டுப் பிரிக்கச் சொல்லிவிட்டது. ஆனாலும் லட்சம், கோடி என்று எண்ணிப் பழகிய பிள்ளைகளுக்கு 150 000 என்றால் ஒரு நொடி தடுமாறும். பாடத்தில் 1,50,000 இருக்கட்டும்.

ஒற்றுப்பிழை:
திசைவேகத்தை "மீவி⁻¹" என்று சேர்த்து அடித்திருந்தால் "மீ வி⁻¹" என்று பிரித்துவிடுங்கள், இரண்டும் தனித்தனி அலகு. மேலே வருவது சிறுகோடா கழித்தல் குறியா என்றும் பாருங்கள், சிறுகோடு குட்டையாக இருக்கும், அச்சில் புள்ளி மாதிரி ஆகிவிடும்.