எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாத கதை: உங்களுக்கு எங்கே திரிந்தது?

சாண்ட்விச்கடை:
பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை போட்டதே, அந்த வாரம்தான் எனக்கு இந்தப் பாடம் ஆரம்பித்தது. அதுவரை மஞ்சள் கருவில் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அடிப்பேன், தானாகத் திரண்டு வரும். ஏன் திரள்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

சரி, பாலில் செய்யலாம் என்று இறங்கினேன். 'முட்டையில் இருக்கிற சூட்சுமமே லெசித்தின்தான், எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடிப்பது அதுதான், அதை வாங்கிப் பாலில் போடு' என்றார் தெரிந்தவர் ஒருவர். பேக்கரி சாமான் கடையில் சோயா லெசித்தின் பவுடர் வாங்கினேன். குளிர்ந்த பாலில் தூவினேன். மாவுக்கட்டி போல உருண்டு உருண்டு மிதந்தது. பரவாயில்லை, மிக்ஸி பார்த்துக்கொள்ளும் என்று அரை லிட்டர் எண்ணெயையும் ஒரேயடியாக ஊற்றிச் சுற்றிவிட்டேன். இரண்டு நிமிடம் கழித்துத் திறந்தால் மேலே எண்ணெய், கீழே வெதுவெதுப்பான பால், நடுவில் பழுப்பாக அந்தக் கட்டிகள். ஜாரைக் கழுவவே அரை மணி நேரம் ஆனது. உங்களுக்கும் இப்படி ஏதாவது திரிந்திருந்தால் சொல்லுங்கள், ஆறுதலாக இருக்கும்.

மாடித்தோட்டம்:
எனக்கு மிளகாய்ச் செடியில் திரிந்தது. மாவுப்பூச்சிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய் என்று சொல்லியிருந்தார்கள். சோப்புக் கரைசல் சேர்க்கச் சொன்னதை 'அது பூச்சியைக் கொல்ல இன்னொரு மருந்து போல' என்று நினைத்து விட்டுவிட்டேன். தெளிப்பானைக் குலுக்கிக் குலுக்கித்தான் அடித்தேன். முதல் நாலு செடிக்கு வெறும் தண்ணீர் போனது, கடைசிச் செடிக்கு மொத்த எண்ணெயும் போனது. அதுவும் காலை பத்து மணி வெயிலில். மறுநாள் அந்த ஒரு செடி மட்டும் சுட்ட அப்பளம் மாதிரி நின்றது. பூச்சி மற்ற நாலிலும் சுகமாக இருந்தது.

இப்போது காதி சோப்பைச் சீவி வெந்நீரில் கரைத்து, அதில் வேப்பெண்ணெயை விட்டுப் பால் மாதிரி வெளுக்கும்வரை அடித்த பிறகுதான் மீதித் தண்ணீர். சாயங்காலம் தெளிப்பேன், மிச்சம் வைப்பதில்லை. உங்கள் லெசித்தின் அங்கே செய்கிற வேலையை எனக்கு இங்கே சோப்பு செய்கிறது.

இந்தூர்_ரிஃபைனரி:
மத்தியப் பிரதேசத்தில் சோயா எண்ணெய் ஆலையில் பன்னிரண்டு வருடம் இருந்தவன் என்ற முறையில் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வாங்கிய பவுடர் எங்களுக்கு ஒரு காலத்தில் தொல்லை. பிழிந்து எடுத்த, சுத்திகரிக்காத எண்ணெயை அப்படியே வைத்தால் டேங்க் அடியில் பிசின் மாதிரி கசடு படியும். அதை எடுக்க எண்ணெயைச் சுமார் 70 டிகிரிக்குச் சூடாக்கி, நூற்றுக்கு இரண்டு பங்கு போலத் தண்ணீர் விடுவோம். எண்ணெயில் கரைந்திருந்த பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்புப் பொருள் தண்ணீரைக் குடித்து உப்பும். அதன் பிறகு எண்ணெயில் நிற்காது, சென்ட்ரிஃபியூஜ் என்ற சுழல் எந்திரத்தில் தனியே வந்துவிடும். ஆலையில் அதற்கு 'கம்' என்றுதான் பெயர். உலர்த்தினால் தேன் நிறத்தில் கெட்டியான லெசித்தின். அசிட்டோனில் கழுவி எண்ணெயைப் போக்கினால் உங்கள் பவுடர்.

லெசித்தின் மூலக்கூறுக்கு ஒரு தலை, இரண்டு வால். தலை தண்ணீரை நாடும், வால் எண்ணெயை நாடும். அதனால் இரண்டும் சந்திக்கிற எல்லையில்தான் அது போய் நிற்கும். அடிக்கும்போது எண்ணெய் துளித்துளியாக உடைகிறதல்லவா, ஒவ்வொரு துளிக்கும் மேலே இது சட்டை மாதிரி போர்த்திக்கொள்ளும். சட்டை போட்ட துளிகள் மோதினாலும் ஒன்று சேராது. எண்ணெய் கரைவதே இல்லை, துளியாகவே இருக்கிறது. ஒரேயடியாக அரை லிட்டரை ஊற்றினால் துளி உடையவும் நேரமில்லை, சட்டை மாட்டவும் நேரமில்லை. மயோனைஸில் பத்தில் ஏழு எட்டு பங்கு எண்ணெய். ஒரே அளவு உருண்டைகளை எவ்வளவு நெருக்கி அடுக்கினாலும் 74 சதவீத இடம்தான் நிரப்ப முடியும். அதைத் தாண்டினால் துளிகள் ஒன்றையொன்று நசுக்கிக்கொண்டு நிற்கும். அது கரண்டியில் நிற்பதற்கே அதுதான் காரணம்.

இன்னொன்று. 'முட்டை என்றால் லெசித்தின்' என்பது பாதி உண்மை. 1840களில் கோப்லே என்ற பிரெஞ்சுக்காரர் மஞ்சள் கருவில்தான் அதைக் கண்டுபிடித்தார், பெயரே கிரேக்கத்தில் மஞ்சள் கருவுக்கு உள்ள சொல்லிலிருந்து வந்தது. ஆனால் கருவுக்குள் அது தனியாக இல்லை, புரதத்தோடு பின்னிய நுண்துகளாக இருக்கிறது. எல்லையைப் பிடித்து நிறுத்துவதில் அந்தப் புரதத்துக்குப் பெரும்பங்கு. பவுடரை மட்டும் போட்டு அதே பிடிமானத்தை எதிர்பார்த்தது நம் பேராசை. பாலில் செய்வதென்றால் பவுடரே வேண்டாம், பாலில் உள்ள கேசின் புரதமே போதும். ஒரு பங்கு பால், இரண்டு பங்கு எண்ணெய், இரண்டும் ஒரே குளிர்ச்சியில். உயரமான டம்ளரில் ஊற்றி ஹேண்ட் பிளெண்டரை அடியில் அழுத்தி வைத்து ஓட்டுங்கள், வெளுத்து வந்த பிறகு மெதுவாக மேலே தூக்குங்கள். எலுமிச்சை கடைசியில்.

ஊட்டிசாக்லேட்:
எங்களுக்குத் தண்ணீரே எதிரி. உருக்கிய சாக்லேட்டில் ஒரு சொட்டு நீராவி விழுந்தாலும் களிமண்ணாகிவிடும். ஆனாலும் லெசித்தின் போடுகிறோம், அங்கே சர்க்கரைத் துகளுக்குத்தான் சட்டை. கிலோவுக்கு 3 முதல் 5 கிராம் போட்டால் கொக்கோ வெண்ணெய் குறைவாக இருந்தாலும் சாக்லேட் இளகி ஓடும். இளகுகிறதே என்று ஆசைப்பட்டு ஒருமுறை 10 கிராம் போட்டேன், அச்சில் ஊற்ற முடியாமல் கெட்டியாக நின்றது. கவரில் ஈ322 என்று பார்த்தால் பயப்பட வேண்டாம், இதுதான் அது.

பாட்டிவீடு:
நீங்கள் எல்லாரும் சேர்க்கப் பார்க்கிறீர்கள், எங்கள் பாட்டி தினமும் விடிகாலையில் பிரித்துக்கொண்டிருந்தார். மத்தால் கடையும்போது வெண்ணெய்த் துளிகளின் சட்டை கிழிந்து ஒன்றோடொன்று ஒட்டித் திரளும், கிழிந்த சட்டை பெரும்பாலும் மோரோடு போய்விடும் என்று பிறகு படித்தேன். பாட்டி சொன்னது, 'வெயில் ஏறினா வெண்ணெ திரளாதுடி' என்பது மட்டும்தான். சூடு கூடினால் வெண்ணெய் இளகி ஓடிவிடும் என்பதால் அதுவும் சரியே.

சாண்ட்விச்கடை:
இந்தூர் அண்ணா, நேற்று ராத்திரி கடையை மூடிய பிறகு செய்து பார்த்தேன். 100 மில்லி பால், 200 மில்லி எண்ணெய். முதல் டம்ளரில் அவசரப்பட்டு பிளெண்டரைச் சீக்கிரம் தூக்கிவிட்டேன், மறுபடி திரிந்தது. கொட்டவில்லை. வேறு டம்ளரில் இரண்டு ஸ்பூன் புதுப் பால் எடுத்து, ஓட்டிக்கொண்டே, திரிந்ததை எண்ணெயாகப் பாவித்துச் சொட்டுச் சொட்டாக விட்டேன். ஐந்தாவது ஸ்பூனில் பிளெண்டரின் சத்தமே மாறியது, களக் களக் என்றது அடங்கிப் புஸ் என்று கனத்தது. டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தேன், விழவில்லை. முட்டைச் சுவை இல்லைதான், அதற்குக் கடுகுத்தூள் ஒரு சிட்டிகை போட்டேன். மீதி லெசித்தின் பவுடர் அப்படியே இருக்கிறது, ஊட்டிக்காரர் கேட்டால் அனுப்பிவிடுகிறேன்.