கிராமத்துக்குச் சேவை செய்யப் போவதால் யாருக்குப் பயன்?

கேள்வி:
கல்லூரி விடுமுறையில் ஓர் ஏழைக் கிராமத்துக்குப் பாடம் சொல்லித்தரப் போனோம். ஒரு சிறுமியின் நோட்டைப் புரட்டினால், முதல் பக்கத்தில் யாரோ எழுதிக்கொடுத்த ஏ, பி, சி. நாலு பக்கம் தள்ளி அதே ஏ, பி, சி, வேறு கையெழுத்தில். அப்புறம் இன்னொன்று. அவளுக்கு எல்லாம் தெரியும். வந்தவர்கள் மனம் கோணாமல் ஒப்பிக்கிறாள்! சுவருக்குப் பெயின்ட் அடித்தோம், போட்டோ எடுத்தோம், எங்களுக்குச் சான்றிதழ் வந்துவிட்டது. ஊருக்கு என்ன வந்தது? சமாதானம் வேண்டாம், நிஜமாகவே கேட்கிறேன்.

பதில் 1:
பழைய சந்தேகம்தான். 1968இல் இவான் இல்லிச் என்ற சிந்தனையாளர், மெக்சிகோவின் கிராமங்களுக்குச் சேவைக்குக் கிளம்பிய அமெரிக்க மாணவர்களிடம் முகத்துக்கு நேரே சொன்னார்: பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்று. எனக்கு அது கொஞ்சம் ஓவராகத்தான் படுகிறது.

பதில் 2:
நான் கிராமப் பள்ளி ஆசிரியர். வருகிறவர்கள் நேராகப் பிள்ளைகளிடம் போய்விடுகிறார்கள். எந்தப் பிள்ளை எதில் திணறுகிறது என்று என்னிடம் கேட்பதே இல்லை. நடத்தியதை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுப் போனால் அடுத்த குழு அங்கிருந்து தொடரலாமே! பெயின்ட் வேலையை உள்ளூர்க்காரரிடம் விடுங்கள், அவருக்குக் கூலியாவது கிடைக்கும்.

கேட்டவர்:
பெயின்ட் விஷயம் சுருக்கென்றது, சார். அந்தத் தாளை நானே எழுதி அனுப்புகிறேன். தலைமையாசிரியருக்கா?

பதில் 2:
வகுப்பாசிரியருக்கு அனுப்புங்கள் தம்பி. தலைமையாசிரியர் மேஜைக்குப் போனால் ஃபைலுக்குள் போய்விடும்.