முதன்முதலாக இணையத்தில் சாமான் விற்கிறவர்களுக்கு: கொழும்பிலிருந்து எங்கள் அனுபவங்கள்

வெள்ளவத்தைவாசி

வீட்டில் சும்மா கிடக்கிற சாமானை இக்மனிலோ ஃபேஸ்புக் மார்கெட்பிளேஸிலோ போட்டு விற்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு வட்ஸ்அப்பில் தனித்தனியே பதில் எழுதி அலுத்துவிட்டது. இங்கே ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் கீழே எழுதுங்கள். கேள்விப்பட்ட கதைகள் வேண்டாம், உங்களுக்கே நடந்ததாக இருக்கட்டும்.

புதிதாக வருகிறவர்கள் படம் எப்படி எடுப்பது, தலைப்பு என்ன போடுவது என்றுதான் கவலைப்படுகிறார்கள். அதெல்லாம் இரண்டு விளம்பரம் போட்டால் பிடிபட்டுவிடும். ஆட்கள் ஏமாறுவது காசு கைமாறுகிற அந்தக் கடைசி அரை மணித்தியாலத்தில். நடந்ததைச் சொல்கிறேன்.

பழைய லப்டொப் ஒன்றை விற்கப் போட்டிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒருவர் கோல் எடுத்தார். சிங்களத்தில் நல்ல மரியாதையாகக் கதைத்தார். விலையில் ஒரு ரூபாய்கூடக் குறைத்துக் கேட்கவில்லை, பார்க்கவும் வரவில்லை. கொழும்பில் பேரம் பேசாமல் பழைய சாமான் வாங்குகிற மனிதரை நான் அதுவரை கண்டதில்லை. கொஞ்ச நேரத்தில் காசு போட்டதற்கான ஸ்கிரீன்சொட் வந்தது. என் பெயர், கணக்கு இலக்கம், தொகை எல்லாம் சரி. "ஓட்டோ ஒன்று அனுப்பியிருக்கிறேன், கொடுத்துவிடுங்கள்" என்று மெசேஜ். ஓட்டோவும் கேற்றடிக்கு வந்துவிட்டது.

வங்கிச் செயலியைத் திறந்து பார்த்தேன். மீதி மாறவேயில்லை. திரும்ப அழைத்துச் சொன்னதும், "இன்றைக்கு வெள்ளி, வேறு வங்கியிலிருந்து போட்டது, திங்கட்கிழமை விழும்" என்றார். பலர் விழுவது இந்தப் பதிலில்தான், ஏனென்றால் அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. வங்கிக்கு வங்கி காசு போக இங்கே இரண்டு வழி இருக்கிறது. ஸ்லிப்ஸ் முறையில் போட்டால் தொகுதி தொகுதியாகத்தான் போகும், வார இறுதி குறுக்கிட்டால் தாமதமாகும். 2015இல் வந்த செஃப்ட் முறையில் போட்டால் ஞாயிறு இரவென்றாலும் உடனே விழும். இப்போது செயலிகளில் உடனடிப் பரிமாற்றம் என்று போகிறது பெரும்பாலும் இதுதான். இன்றைக்கே சாமான் வேண்டும் என்கிறவர் உடனே விழுகிற வழியில் போடலாமே? "சரி, அப்படியென்றால் திங்கட்கிழமை காசு விழுந்ததும் ஓட்டோவை அனுப்புங்கள்" என்றேன். அதோடு அந்த இலக்கம் ஓய்ந்துவிட்டது.

ஓட்டோ அண்ணாவுக்கு ஒன்றும் தெரியாது. யாரோ போனில் பிடித்து, பார்சல் எடுத்துக்கொண்டு மருதானைக்கு வா, அங்கே காசு தருகிறேன் என்றிருக்கிறான். அவரும் ஏமாந்தவர்தான். வந்த தூரத்துக்கு நான் கொடுத்து அனுப்பினேன். சண்டை பிடிக்க வேண்டிய ஆள் அவரில்லை.

அந்த லப்டொப்பைக் கடைசியில் ஒரு கம்பஸ் பையன் வாங்கினான். அண்ணனையும் கூட்டிக்கொண்டு வந்தான். எங்கள் தொடர்மாடியின் கீழே காவலாளியின் மேசையில் வைத்து நோட்பேடைத் திறந்து, கீபோர்டின் எழுத்துகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தான். ஒரு எழுத்து அழுத்தினால் மெதுவாகத்தான் மேலே வரும். அதை விளம்பரத்தின் முதல் வரியிலேயே எழுதியிருந்தேன், அதனால் அந்த எழுத்துக்கு வந்ததும் அவன் அண்ணனைப் பார்த்துச் சிரித்தானே தவிர, அதைச் சாட்டி ஒரு சதமும் குறைக்கவில்லை. குறையை நாம் எழுதினால் அது விலைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அவர்களாகக் கண்டுபிடித்தால் இன்னும் என்னென்ன ஒளித்திருக்கிறானோ என்று ஒவ்வொன்றாகத் தோண்டத் தொடங்குவார்கள்.

கொட்டாஞ்சேனை அக்கா

நான் புறக்கோட்டையில் மொத்தமாகக் கவரிங் நகை எடுத்து ஃபேஸ்புக் பக்கத்தில் விற்கிறேன். தம்பி சொன்ன ஆபத்து எனக்கு இல்லை, எனக்கு வேறு தலையிடி. சாமான் கையில் கிடைத்ததும் காசு கொடுக்கிற முறையில்தான் என் பக்கத்தில் முக்கால்வாசி ஓடர் வருகிறது. தொடங்கின காலத்தில் ஓடர் வந்தால் அன்றைக்கே கட்டி அனுப்புவேன். கூரியர்காரர் போய் நிற்கும்போது "நான் ஓடர் பண்ணவேயில்லை", "அவர் வீட்டில் இல்லை, காசு தரமாட்டார்", "இரவில் சும்மா அமத்திப் பார்த்தேன்" என்று பதில். பார்சல் திரும்பி வரும், அனுப்பின செலவு என் தலையில். போதாக்குறைக்குப் பெட்டி நசுங்கியும் வரும்.

இப்போது அனுப்புவதற்கு முன் கட்டாயம் கோல் எடுப்பேன். மெசேஜ் போதாது, குரல் கேட்க வேண்டும். இரண்டு போன் இலக்கம் வாங்குவேன். புது ஆள் என்றால் அனுப்புகிற செலவை மட்டும் முற்பணமாகப் போடச் சொல்வேன். சிலர் கோபிப்பார்கள், கோபிக்கட்டும். அந்தச் சின்னத் தொகையைப் போடுகிறவர்கள் பார்சலைத் திருப்பி அனுப்பினது அரிது.

விலாசம் இன்னொரு கூத்து. "கொழும்பு 13, கோயிலுக்குப் பக்கம்" என்று எழுதுவார்கள். கொட்டாஞ்சேனையில் எந்தக் கோயில் என்று கேட்டால், "எல்லாருக்கும் தெரியும் அக்கா" என்பார்கள். யாழ்ப்பாணத்துக்கு அனுப்பும்போது ஒழுங்கையின் பெயரும் சந்திக் கடையின் பெயரும் கேட்டு எழுதுங்கள், இல்லாவிட்டால் கூரியர்காரர் உங்களுக்குத்தான் கோல் எடுப்பார்.

கூரியர் வசூலித்த காசு அன்றைக்கே உங்கள் கைக்கு வராது, சேர்த்துப் பிறகுதான் போடுவார்கள். அடுத்த சரக்கு எடுக்க அந்தக் காசை நம்பியிருந்தால் கை கடிக்கும். 900 ரூபாய்க்கு எடுத்ததை 1500க்கு விற்றால் 600 இலாபம் என்று பிள்ளைகள் கணக்குப் போடுகிறார்கள். பெட்டி, பபிள் உறை, டேப், போன் கதைத்த காசு, திரும்பி வந்த பார்சல்கள் எல்லாவற்றையும் கழியுங்கள். தராஸ் மாதிரித் தளத்தில் விற்றால் அவர்களின் தரகு வேறு, அதுவும் சாமானின் வகைக்கு வகை மாறும். எல்லாம் கழித்தும் மிச்சம் இருந்தால் அதுதான் இலாபம்.

மருதானைப் பொடியன்

போன் கடையில் வேலை. போன் விற்கிறவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். *#06# அடித்தால் ஐஎம்இஐ, அதாவது அந்தப் போனுக்கே உரிய 15 இலக்க அடையாள இலக்கம் வரும். IMEI என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு, அந்த இலக்கத்தைப் போட்டு 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் அது பதிவில் இருக்கிறதா என்று பதில் வரும். அந்தப் பதிலைப் படம் எடுத்து விளம்பரத்தில் சேருங்கள். ஐஎம்இஐ முழுதாகத் தெரிய வேண்டாம், கடைசி இலக்கங்களை மறையுங்கள்.

கொடுக்கும் முன் உங்கள் கூகுள் கணக்கையோ ஐகிளவுட்டையோ வெளியேற்றிவிட்டுத்தான் அழிக்க வேண்டும். நேரே அழித்தால் போன் திரும்ப எழும்பும்போது உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கலாம். வாங்கினவர் இரவு 11 மணிக்கு உங்களுக்குக் கோல் எடுப்பார். எங்கள் கடைக்கு இப்படி வருகிற போன் கொஞ்சநஞ்சமில்லை.

வாங்குகிறவரின் அடையாள அட்டை இலக்கத்தோடு ஒரு துண்டு எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வைத்தால் நல்லது. அந்தப் போன் நாளைக்கு ஏதாவது பொலிஸ் பிரச்சினையில் மாட்டினால் கடைசியாக யாரிடம் இருந்தது என்று காட்ட உங்களிடம் அது ஒன்றுதான் இருக்கும்.

தெஹிவளைத் தளபாடம்

வெள்ளவத்தைவாசி சொன்னதில் ஒரு ஓட்டை இருக்கிறது அண்ணா. மீதி கூடியதைப் பார்த்தும் ஆட்கள் ஏமாந்திருக்கிறார்கள். என்னிடம் சாப்பாட்டு மேசை வாங்க வந்தவர் காசு போட்டாச்சு என்றார். செயலியில் பார்த்தால் தொகை கூடியிருக்கிறது. ஆனால் அது இரண்டு வரியில் காட்டுகிறது, கணக்கு மீதி ஒன்று, எடுக்கக்கூடிய மீதி இன்னொன்று. கூடியிருந்தது முதலாவது மட்டும். அவர் போட்டது காசில்லை, காசோலை. 2006இலிருந்து காசோலையின் படம்தான் வங்கிகளுக்கிடையில் போகிறது, அதனால் முன்னையைவிடக் கெதியாக முடிகிறது. அப்படியிருந்தும் அடுத்த வேலை நாள் வரை பொறுக்கத்தான் வேண்டும். மற்றக் கணக்கில் காசில்லாவிட்டால் அது திரும்பிவிடும். மேசை என் வீட்டிலேயே நின்றது, காசோலை திரும்பிப் போனது.

அப்புறம், காசு அனுப்பவென்று உங்கள் வங்கி அட்டையின் இலக்கத்தையோ போனுக்கு வருகிற ஓடிபியையோ கேட்டால் உடனே போனை வையுங்கள். காசு வாங்குவதற்குப் பெயர், வங்கி, கிளை, கணக்கு இலக்கம் போதும். ஓடிபி கேட்கிறவன் உங்களிடமிருந்து எடுக்கத்தான் கேட்கிறான்.

வெள்ளவத்தைவாசி

தளபாடம் சொன்னது சரி. எடுக்கக்கூடிய மீதியைத்தான் பார்க்க வேண்டும். பெரிய தொகை என்றால் நான் இப்போது வங்கிக் கிளைக்குள்ளேயே சந்திக்கிறேன். அவர் அங்கேயே காசைக் கட்டட்டும், நான் அங்கேயே சாமானைக் கொடுக்கிறேன். காவலாளி, கமரா எல்லாம் இருக்கிறது, ஏசியும் இருக்கிறது.

எப்படி விலை போடுவது என்று சிலர் கேட்டிருந்தார்கள். விளம்பரங்களில் கிடக்கிற விலைகளைப் பார்த்து உங்கள் விலையைப் போடாதீர்கள். அங்கே நாட்கணக்காகக் கிடப்பவை விற்காத சாமான்கள், அந்த விலை ஆட்கள் கொடுக்காத விலை. ஒரு கிழமை பார்த்துக்கொண்டிருங்கள், எது சட்டென்று மறைகிறதோ அந்த விலைதான் சந்தை. கணினிச் சாமான் என்றால் யூனிட்டி பிளாஸாவில் இரண்டு கடையில் என்ன விலைக்கு எடுப்பீர்கள் என்று கேளுங்கள், அதற்குக் கீழே போக வேண்டியதில்லை. வெளிநாடு போகிறோம், அவசரம் என்று எழுதவே எழுதாதீர்கள். உண்மையாக இருந்தாலும் எழுதாதீர்கள். அந்த ஒரு வரிக்காகவே பாதி விலைக்குக் கேட்பார்கள்.

"கடைசி விலை என்ன?" என்று முதல் மெசேஜிலேயே கேட்கிறவர்களுக்கு, வந்து பாருங்கள், பார்த்த பிறகு கதைப்போம் என்று எழுதினால் போதும். போனில் ஒரு கடைசி விலையைச் சொன்னால், நேரில் வரும்போது அவர்களுக்கு அதுதான் தொடக்க விலை. அப்புறம், விளம்பரத்தைத் தமிழில் மட்டும் போட்டுவிட்டு யாரும் கேட்கவில்லை என்று சலிக்க வேண்டாம். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இரண்டு வரி சேருங்கள், பக்கத்து வீட்டில் யாராவது எழுதித் தருவார்கள்.

முத்திரைத் தாத்தா

உள்ளூர்க் கதைதான் நடக்கிறது, நான் வெளிநாட்டுக்கு விற்கிறவன். இலங்கையின் முதல் தபால் முத்திரை 1857இல் வந்தது. அந்த ஆறு பென்ஸ் முத்திரை என்னிடம் இல்லை, இருந்தால் இங்கே எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். 1972க்கு முந்திய சிலோன் முத்திரைகளை ஈபேயில் விற்கிறேன். முத்திரையின் முன்பக்கத்தைப் போலப் பின்பக்கத்தையும் ஸ்கான் பண்ணிப் போட வேண்டும். சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது பின்பக்கம்தான், தாள் மெலிந்திருக்கிறதா, பசை இருக்கிறதா என்று. விலையைப் பொறுத்தவரை ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் தனியாகக் காட்டச் சொல்லலாம், தம்பி மாதிரிக் காத்திருக்கத் தேவையில்லை.

பேபால் நீண்ட காலமாக இலங்கைக் கணக்குகளுக்குக் காசு வாங்க இடம் கொடுக்கவில்லை. என்னைப் போன்றவர்கள் பேயோனியர் என்ற இணையப் பணச் சேவை வழியாக எடுக்கிறோம். பதிவுத் தபாலில் போட்டால் கடைசியில் எல்கே என்று முடிகிற இலக்கம் தருவார்கள், அதை அன்றைக்கே வாங்கினவருக்கு அனுப்புங்கள். பெரிய பெட்டியைக் கூரியரில் அனுப்பினால் நிறையை மட்டும் பார்க்க மாட்டார்கள். நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி, பெரும்பாலும் 5000ஆல் பிரித்து, வருகிற கிலோவையும் உண்மையான நிறையையும் ஒப்பிட்டு, எது கூடவோ அதற்குக் காசு எடுப்பார்கள். பஞ்சு பொம்மை அனுப்பப் போகிற பிள்ளைகள் இதைக் கவனியுங்கள். வீட்டுப் பரணில் பழம்பொருள் ஏதும் கிடைத்தால் நாட்டை விட்டு அனுப்பத் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், சும்மா பார்சல் கட்டிவிடாதீர்கள்.

புதுசு

எல்லாருக்கும் நன்றி. எங்களிடம் ஒரு வொஷிங் மெஷின் இருக்கிறது, வேலை செய்கிறது, அடியில் துரு. மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. எப்படிப் போடுவது?

வெள்ளவத்தைவாசி

மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை, தூக்க ஆள் கூட்டி வர வேண்டும் என்பதை விலைக்கு அடுத்த வரியிலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் வந்தவர் படிக்கட்டைப் பார்த்துவிட்டு 5000 குறைப்பார். துருவைக் கிட்டப்போய்ப் படம் எடுத்து மூன்றாவது படமாகப் போடுங்கள், முதல் படமாக வேண்டாம். ஓடுகிற மெஷினை அரை நிமிட வீடியோ எடுத்து, கேட்கிறவர்களுக்கு அனுப்புங்கள், சத்தமும் கேட்கட்டும். அவர்கள் வரும்போது தண்ணீரும் கரண்டும் கொடுத்து வைத்திருங்கள், ஓட்டிப் பார்க்காமல் யாரும் தூக்க மாட்டார்கள். தண்ணீர்க் குழாயையும் பில் இருந்தால் அதையும் ஒரு பையில் கட்டி மெஷினுக்குள் போட்டுவிடுங்கள், பிறகு குழாய் எங்கே என்று கோல் வரும்.

கொட்டாஞ்சேனை அக்கா

விலையைப் போடுங்கள் பிள்ளை, என் தங்கச்சி ஒன்று தேடுகிறாள். அவளுக்கும் மூன்றாம் மாடிதான்.