சொந்தமாகக் கட்டிய ட்ரோனிலேயே பறக்கப் பழகலாமா?

தும்பி:

இரண்டு மாத உழைப்பில், 5 அங்குல விசிறிகளைக் கொண்ட ட்ரோன் ஒன்றை நானே சால்டர் செய்து கட்டி முடித்தேன். முதல் முறை தரையை விட்டு எழுவதற்குள் அது குப்புறக் கவிழ்ந்தது. முன்பக்கத்து விசிறிகள் இரண்டையும் இடம் மாற்றிப் பொருத்தியிருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது. அதைச் சரிசெய்தபின் அரை நிமிடத்துக்கும் மேல் நன்றாகப் பறந்தது. பிறகு அதன் முகம் என் பக்கமாகத் திரும்பிவிட, நான் ரிமோட்டின் ஸ்டிக்கைத் தவறான பக்கம் தள்ள, சுவரில் மோதி, மோட்டாரைத் தாங்கும் ட்ரோனின் கைகளில் ஒன்று முறிந்தது.

இதைப் பார்த்த நண்பர் ஒருவர், கட்டியதை அலமாரியில் வைத்துவிட்டு, ஆயத்தமாகக் கிடைக்கும் சிறிய ட்ரோன் ஒன்றிலும், கணினியில் பறக்கப் பழகும் சிமுலேட்டரிலும் முதலில் பழகுமாறு சொல்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. கட்டியவனுக்குத்தான் ஒவ்வொரு கம்பியும் எங்கே போகிறது என்று தெரியும். விழுந்தாலும் அவனே எடுத்துச் சரிசெய்துகொள்வான். விசிறி மாறிய தவறைக்கூட நான் கட்டியதால்தான் கண்டுபிடித்தேன். பறக்கப் பழகுவதும் கட்டப் பழகுவதும் ஒரே கல்வியின் இரு பகுதிகள் என்றே கருதுகிறேன். மறுப்பவர்கள் காரணத்துடன் எழுதுமாறு வேண்டுகிறேன்.

செம்புக்கம்பி:

உங்கள் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் உங்கள் நண்பர் சொல்வதே சரி. புதிதாகக் கட்டிய கருவியையும் புதிதாகப் பழகும் கையையும் ஒன்றாகச் சேர்த்தால், எது நடந்தாலும் அது யாருடைய பிழை என்று சொல்ல முடியாது. விசிறி மாறியதை நீங்கள் கண்டுபிடித்தீர்கள், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியும் பிழை. ட்ரோனின் மூளையான ஃபிளைட் கன்ட்ரோலர் பலகையைத் தொண்ணூறு பாகை திருப்பிப் பொருத்திவிட்டு அதை மென்பொருளில் குறிக்காமல் விட்டிருந்தாலும், மோட்டார்களின் வரிசை எண் மாறியிருந்தாலும், ட்ரோன் அதேபோலத்தான் கவிழும். ட்ரோன் ஒரு பக்கம் மெதுவாக நகர்ந்துகொண்டே போனால் அது காற்றா, சமமற்ற தரையில் வைத்து அளவிட்ட, சாய்வை உணரும் ஆக்ஸிலரோமீட்டரா, உங்கள் கட்டைவிரலா என்று பழகிய ஒருவர் ஒரு நொடியில் சொல்லிவிடுவார். புதியவர் மூன்றையும் மாற்றி மாற்றித் திருத்தி, சரியாக இருந்ததையும் கெடுத்துக்கொள்வார்.

இரண்டாவது காரணம் பாதுகாப்பு. 2400 கேவி மோட்டார் என்றால் சுமையில்லாத நிலையில் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 2400 சுற்றுகள் என்று பொருள். நான்கு செல் பேட்டரி முழுதாக ஏறியிருக்கும்போது 16.8 வோல்ட் கொடுக்கும். பெருக்கினால் நாற்பதாயிரத்தைத் தாண்டுகிறது. விசிறி பொருத்தியபின் அது குறையும் என்றாலும், விரலை வெட்டுவதற்கு அதில் பாதியே போதும். பல நாடுகளின் விதிகள் 250 கிராமை ஓர் எல்லையாக வைத்திருக்கின்றன. பேட்டரியுடன் சேர்த்தால் உங்கள் ட்ரோன் அதைப்போல இரு மடங்குக்கும் மேல் இருக்கும். முதல் பாடத்துக்கு அது தகுந்த கருவி அல்ல.

வானம்பாடி:

செம்புக்கம்பி அவர்கள் சொல்லும் ஆபத்து உண்மையானது. ஆனால் அவர் காட்டும் வழியில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஆயத்தமாகக் கிடைக்கும் ட்ரோன்களில் பெரும்பாலானவை ஜி.பி.எஸ்., காற்றழுத்தமானி ஆகியவற்றைக் கொண்டு தாமாகவே நின்ற இடத்தில் நிற்பவை. ஸ்டிக்கை விட்டால் போதும், அவை காற்றை எதிர்த்துத் தம் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதில் பத்து மணி நேரம் பழகியவர் உயரத்தைக் கையால் பிடித்து வைக்க ஒரு நிமிடம்கூடக் கற்றிருக்கமாட்டார். கையால் கட்டிய ட்ரோனில் தானே சமநிலைக்கு வரும் ஆங்கிள் மோடைப் போட்டிருந்தாலும், ஸ்டிக்கை விட்டால் அது சாய்வை நிமிர்த்திக்கொள்ளுமே தவிர, முன்பிருந்த வேகத்தோடு வழுக்கிக்கொண்டே போகும். நிறுத்த வேண்டுமானால் எதிர்ப்பக்கம் சாய்க்க வேண்டும். அந்தப் பழக்கம் இல்லாதவர்தான் சுவரில் மோதுகிறார்.

சிமுலேட்டரைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். தும்பி மோதியது, ட்ரோனின் முகம் தன்னை நோக்கித் திரும்பியபோது இடமும் வலமும் மாறிப்போனதால். பரவலாகப் பயன்படும் ட்ரோன் சிமுலேட்டர்கள் பெரும்பாலும் ட்ரோனின் மூக்கில் உள்ள கேமராவின் பார்வையைத்தான் முதலில் காட்டுகின்றன; அந்தப் பார்வையில் இடவலக் குழப்பமே எழாது. அவர் தடுமாறிய இடத்துக்கு அந்தப் பயிற்சி மருந்தாகாது.

தும்பி:

வானம்பாடி அவர்கள் சொன்ன வழுக்கலை நான் நேரில் உணர்ந்தேன். பயந்துபோய் ஸ்டிக்கை விட்டுவிட்டால் நின்றுவிடும் என்று நினைத்தேன், அது நிற்கவில்லை. செம்புக்கம்பி அவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். விசிறிகளைக் கழற்றிவிட்டு மேசையில் வைத்துச் சோதித்தபோது, மோட்டார்களின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலை நான் தொடாமல் விட்டும் மோட்டார்களின் வேகம் தானாக ஏறிக்கொண்டே போனது. அது கோளாறா?

செம்புக்கம்பி:

கோளாறு இல்லை. நான் சொல்ல வந்ததற்கு இதைவிட நல்ல சான்றும் இல்லை. கன்ட்ரோலர், ட்ரோன் நகர வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. விசிறி இல்லாததால் எதுவும் நகர்வதில்லை. ஆகவே தன் கட்டளை போதவில்லை என்று எண்ணி மேலும் மேலும் கூட்டுகிறது. விசிறிகளோடு கையில் பிடித்துக்கொண்டு ஆர்ம் செய்தாலும், அதாவது மோட்டார்களை இயங்கவிட்டாலும், இதுவேதான் நடக்கும், அப்போது காயம் உறுதி. இதை அறியாமல் எத்தனையோ பேர் நல்ல மோட்டாரைக் கழற்றி மாற்றியிருக்கிறார்கள்.

வானம்பாடி அவர்களுக்கு: ஜி.பி.எஸ். வைத்த ட்ரோனை நான் பரிந்துரைக்கவில்லை. மோட்டாருக்கு மோட்டார் 65 மில்லிமீட்டர் இருக்கும், ஒற்றை செல் பேட்டரியில் ஓடும், விசிறியைச் சுற்றி வளையம் கொண்ட சின்னஞ்சிறு ட்ரோன்களையே சொன்னேன். அவற்றில் பல, தும்பி தன் ட்ரோனில் ஏற்றியிருக்கக்கூடிய அதே பீட்டாஃப்ளைட் மென்பொருளில்தான் ஓடுகின்றன. உயரத்தைக் கையால்தான் பிடிக்க வேண்டும். வழுக்கலும் அப்படியே இருக்கும். சுவரில் நூறு முறை மோதினாலும் பெரும்பாலும் எடுத்து மறுபடி பறக்கவிடலாம். சிமுலேட்டரிலும், தரையில் நிற்பவரின் பார்வையைக் காட்டுபவை உண்டு. தன் சொந்த ரிமோட்டையே கணினியில் செருகி அதில் பழகலாம் என்பதால், விரல்கள் கற்பது வீணாகாது.

வானம்பாடி:

வளையம் வைத்த சிறு ட்ரோனைச் சொன்னீர்கள் என்றால் என் மறுப்பின் பாதியை விலக்கிக்கொள்கிறேன். மீதியை விடமாட்டேன். அந்தச் சிறு ட்ரோன் வெளிக்காற்றில் நிற்காது. ஆகையால் காற்றைப் படிப்பது எப்படி என்று அறைக்குள் யாரும் கற்க முடியாது. மேலும், தன் இரண்டு மாத உழைப்பு காற்றில் நிற்கும்போது ஒருவருக்கு வரும் கவனம் வேறு. கணினியில் விழுந்தால் ஒரு பொத்தானை அழுத்தி மறுபடி தொடங்கிவிடுகிறோம். ஏன் விழுந்தோம் என்று யோசிப்பதில்லை. கையை மாற்றிச் சால்டர் செய்ய வேண்டியவர் யோசிப்பார்.

தும்பி, உங்கள் ட்ரோனிலேயே தொடர்வதானால், ஆளில்லாத புல்வெளிக்குப் போங்கள். ட்ரோனின் வால் உங்களைப் பார்த்தபடி இருக்கட்டும். பயத்தில் முழங்காலுக்குக் கீழேயே வைத்துக்கொள்ள மனம் சொல்லும். கேட்காதீர்கள், தரையில் பட்டுத் திரும்பும் காற்று அங்கே ட்ரோனை ஆட்டி அலைக்கும். தலை உயரத்தில், போதிய தூரத்தில் நிறுத்திப் பழகுங்கள். முகம் உங்கள் பக்கம் திரும்பிவிட்டால் இடமா வலமா என்று எண்ணாதீர்கள். எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கம் ஸ்டிக்கைத் தள்ளுங்கள், அது நிமிரும்.

செம்புக்கம்பி:

அந்தக் கடைசி வரி பொன்னானது. ஆனால் அதை மூளை அறிவது வேறு, விரல் அறிவது வேறு. விரல் அறிய நூறு தடவை தேவை. ஒரு பேட்டரி தருவது நான்கைந்து நிமிடம். அதிலும் செல்லுக்கு 3.5 வோல்ட் வந்ததும் இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரி கெடும். அந்த நூறு தடவைக்கு அரை கிலோ எடையுள்ள ட்ரோனைப் பயன்படுத்துவது எனக்கு ஏற்புடையதே அல்ல. உழைப்பு தரும் கவனத்தைப் பற்றிச் சொன்னீர்கள். என் அனுபவத்தில் அதே உழைப்புதான் விரலை விறைக்கச் செய்கிறது.

தும்பி:

இருவருக்கும் நன்றி. என் கருத்தில் ஒரு பகுதியை மாற்றிக்கொள்கிறேன்: இடவலக் குழப்பம் தீரும்வரை தரைப் பார்வையுள்ள சிமுலேட்டரில் பழகுவேன். ஆனால் ட்ரோனை அலமாரியில் வைக்கமாட்டேன். வால் என் பக்கம் இருக்க, நின்ற இடத்தில் நிறுத்தும் பயிற்சியை மட்டும் காற்றில்லாத காலை வேளைகளில் அதிலேயே செய்யப்போகிறேன். கையை மாற்றும் வேலையை இன்று தொடங்குகிறேன்.

செம்புக்கம்பி:

அந்த அளவு என்றால் நான் தடுக்கமாட்டேன், இரண்டு வேலைகளை முடித்திருந்தால். ஒன்று, விசிறிகளைக் கழற்றிவிட்டு ஆர்ம் செய்து, ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். மோட்டார்கள் தாமாக நிற்கவில்லை என்றால் தொடர்பு அறுந்தால் மோட்டார்களை நிறுத்த வேண்டிய ஃபெயில்சேஃப் சரியாக இல்லை, பறக்கவிடக்கூடாது. மற்றொன்று, மோதிய பக்கத்து மோட்டாரைக் கையால் சுற்றிப் பாருங்கள். தண்டு மயிரிழை வளைந்திருந்தாலும் அந்த அதிர்வை, சுழற்சியை உணரும் ஜைரோ அசைவாக எடுத்துக்கொள்ளும், மோட்டார் சூடேறும். கை மாற்றியபின் முதலில் இருபது நொடி மட்டும் நிறுத்தி, இறக்கி, பேட்டரியைக் கழற்றிவிட்டு நான்கு மோட்டார்களையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சுட்டால் அதை மாற்றும்வரை மறுபடி பறக்கவிடாதீர்கள்.