ட்யூப் ஆம்ப்பில் சத்தம் திடீரென்று இறங்குகிறது

ஆறுகம்பி:
செகண்ட்ஹேண்டில் வாங்கிய 50 வாட் கிட்டார் ஆம்ப், பவர் ட்யூப் இரண்டும் இஎல்34. கொஞ்ச நேரம் நன்றாகப் பாடும், அப்புறம் சத்தம் பாதியாக இறங்கிவிடும், ஓங்கி ஒரு கார்டு அடித்தால் சில சமயம் தானாகத் திரும்பி வரும். கிட்டார், கேபிள் மாற்றியும் அதே கதை. ட்யூப் போய்விட்டதா? புது ஜோடி விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

சால்டர்புகை:
இப்போதே வாங்காதீர்கள். பின்னால் எஃபெக்ட்ஸ் லூப் (வெளி எஃபெக்ட் பெட்டியை இணைக்க சென்ட், ரிட்டர்ன் என்று இரண்டு ஜாக்) இருந்தால் சின்ன பேட்ச் கேபிள் ஒன்றை சென்டிலிருந்து ரிட்டர்னுக்குச் செருகி வாசித்துப் பாருங்கள். பல ஆம்ப்களில் ரிட்டர்ன் ஜாக்குக்குள் ஒரு தகடு உண்டு, எதுவும் செருகாதபோது சிக்னல் அதைத் தொட்டுத்தான் போகும். பயன்படுத்தாமல் கிடந்தால் அதில் களிம்பு ஏறிவிடும். ஓங்கி அடித்ததும் சத்தம் திரும்புகிறது என்றால் எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான்.

மின்விசிறி:
லூப் இல்லையென்றால் 12ஏஎக்ஸ்7 என்ற சின்ன ப்ரீஆம்ப் ட்யூப்களை ஒவ்வொன்றாக நல்லதோடு மாற்றிப் பாருங்கள், சாக்கெட் தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஆனால் பெட்டியைத் திறக்காதீர்கள் சார், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டரில் 400 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஆன் செய்யவும் வேண்டாம், டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

ஆறுகம்பி:
பேட்ச் கேபிள் போட்டதும் சத்தம் இறங்கவே இல்லை! இப்படியே விட்டுவிடலாமா?

சால்டர்புகை:
விடலாம், கெடுதல் இல்லை. கான்டாக்ட் கிளீனர் கிடைத்தால் ஆம்ப்பை ஆஃப் செய்துவிட்டு பேட்ச் கேபிளின் பிளக்கில் தெளித்து ரிட்டர்னில் பல தடவை செருகி எடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மெக்கானிக்கிடம் கொடுத்து ஜாக்கை மாற்றிவிடுங்கள், ஜாக்கின் விலை ட்யூப் விலையில் கால்வாசிகூட வராது.